கத்திரிப்பூவும் கிளிப்பச்சையும்

ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்த வல்லிநாயகம் முதலில் பார்த்தது மைக்கில் மாட்டியிருந்த பெட்டியைத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரப் பெட்டி. நான்கு பக்கமும் ‘தென்சாரல்’ என்று எழுதி, எழுத்துக்குக் கீழே சாய்வாக இரண்டு மழைக்கோடுகள். ஒன்று கத்திரிப்பூ நிறம், மற்றது கிளிப்பச்சை. ரம்புட்டான் குவியலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு அந்தக் கோடுகளையே பார்த்தார்.

“எந்த டிவிம்மா?”

மைக்கைப் பிடித்திருந்த இசக்கிச்செல்வி எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள். இது கல்லூரி புராஜெக்ட். இப்படி ஒரு சேனல் உண்மையில் கிடையாது. சேனலுக்குப் பேர், லோகோ, ஒரு சிறிய செய்தித் தொகுப்பு எல்லாம் நாங்களே செய்து காட்ட வேண்டும். அதற்காக சீசன் வியாபாரத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறோம், எங்கேயும் ஒளிபரப்பாகாது.

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவளிடம் எந்த ஊர் என்று கேட்டார். இலஞ்சி என்றாள். அப்பா பேரைக் கேட்டார். சொன்னாள். குடை பிடித்து நின்ற பர்சானாவிடம் கேட்டார். கடையநல்லூர். தலையாட்டிக்கொண்டார். கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடியிருந்த பாண்டிராஜிடம் மட்டும் ஊரோடு விடவில்லை.

“பண்பொழில எந்தத் தெரு தம்பி?”

“கோயிலுக்குப் போற வழியிலதான் அண்ணாச்சி.”

“எல்லாத் தெருவும் கோயிலுக்குத்தான் போகுது.”

பாண்டிராஜ் சிரித்தான். மறுபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டான். வல்லிநாயகம் கேமராவைப் பார்த்து நன்றாகப் பேசினார். சாரல் தள்ளிப்போனால் பழம் எப்படிக் கெடுகிறது, தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டால் கூட்டம் எப்படித் திரும்பிப் போய்விடுகிறது என்றெல்லாம் சொன்னார். முடிந்ததும் ஒரு கூறு மங்குஸ்தானைத் தாளில் கட்டிச் செல்வியின் கையில் வைத்தார். காசு கொடுக்கப் போனவளைத் தடுத்தார்.

“நம்ம டிவிக்கு நாம குடுக்காம யாரு குடுப்பா?”

அடுத்த கடை நேந்திரம் சிப்ஸ் கடை. அங்கே இருந்தவர் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மூவரும் அவர் பக்கம் திரும்பியதும் சாரலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்த தார்ப்பாயைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டார்.

“அதான் அங்கன பேசியாச்சே. அது போதும்.”

திரும்பி வரும்போது பர்சானா மங்குஸ்தானை உடைத்துத் தின்றுகொண்டே வந்தாள். சிப்ஸ் கடைக்காரருக்குப் பக்கத்துக் கடைக்காரரோடு ஏதோ தகராறு என்பது அவள் கணிப்பு. பாண்டிராஜ் கேமராப் பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். செல்விக்கு ‘நம்ம’ என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பக்கத்தில் தெருவைக் கேட்பது வழி தெரிந்துகொள்ள அல்ல. ஊர் பேர் போதாதபோது தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். பிறகு பேச்சின் தொனியே வேறாகிவிடும், கூடவோ குறையவோ. நிறங்களும் அப்படித்தான். ஒரு நிறம் தனியாக வந்தால் அது வெறும் நிறம். இரண்டு நிறம் ஒட்டி நின்றால் அது யாரோ ஒருவருடையது. செல்வி படித்த பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் பி.இ.டி. சார் பையன்களின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். இரட்டை நிறக் கயிறு கட்டியிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். மறுநாள் அதே நிறங்கள் சட்டைப்பையில் கர்சீப்பாக வரும். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு கர்சீப்புகளுக்கு இடையே நடந்த சண்டையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் அண்ணனுக்கு ஒரு கண் போயிற்று. அந்தப் பெண் அதற்குப் பிறகு பெஞ்ச் மாறி உட்கார்ந்தாள். அவள் ஏன் மாறினாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கல்லூரிக்கு வந்து இந்த இருவரோடு சேர்ந்தபோது செல்வி ஒன்றைக் கவனித்தாள். பாண்டிராஜ் அவளிடம் தெருவைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. அது தானாக நடந்தது, பிறகு மூவரும் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அவளை வண்டியில் கொண்டுவந்து விடும்போது பாண்டிராஜ் இலஞ்சி முக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். அவன் ஊர்த் திருமலைக் கோயிலுக்குப் போன அன்றுகூட அவன் வீட்டுப் பக்கம் போகாமல்தான் திரும்பினார்கள். மூன்று வருஷப் படிப்பில் தனக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றும். ஒருவனோடு பேசும்போது அவன் யார் என்று தெரியாமலே பேச முடிகிறது.

இப்போது அது போய்விடும் போலிருந்தது.

லோகோ எப்படி வந்தது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். சாய்ந்த கோடுகளைப் பென்சிலில் வரைந்தது அவள்தான். திரையின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கினாலும் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டே கோடுகளோடு நிறுத்தியிருந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் கொடுத்தது பாண்டிராஜ். ஒரே லோகோவைப் பல ஜோடி நிறங்களில் போட்டு ஒரே திரையில் வரிசையாகக் காட்டினான். “இது” என்று செல்வி விரலை வைத்தாள். அவ்வளவுதான், வேறு பேச்சில்லை. புராஜெக்டைப் பார்த்துக்கொள்ளும் உமாராணி மிஸ்ஸும் நன்றாக இருக்கிறது என்றார். லோகோவைப் பார்த்ததுமே சேனல் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொல்வது.

விரல் வைத்தது அவள்தான். ஆனால் வைக்கச் செய்தது யார்? அந்த ஜோடி திரையின் நடுவில் இருந்ததாக அவளுக்கு ஞாபகம் வந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருந்ததோ? இரண்டு நாளில் அது பெரிதாகத்தான் இருந்தது என்று நிச்சயமாகிவிட்டது.

அதன்பின் அவன் செய்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. அவன் போன் உறையில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது. வண்டிச் சாவியில் ஒரு ஊதா வளையம். எடிட்டிங் ரூமில் அவள் உள்ளே வந்ததும் பேச்சை முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தான். முன்பெல்லாம் மதியம் மூவரும் ஒரே டப்பாவில் கை வைப்பார்கள். அந்த வாரம் அவன் கேன்டீனில் தனியாகப் பரோட்டா தின்றுவிட்டு வந்தான். பர்சானாவிடம் இதைச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“கத்திரிக்காய்னாலே ஒதுக்கி வைப்பான். அவன் போயி கத்திரிப்பூவப் புடிச்சுட்டுத் திரிவானாக்கும். நீ பேசாம உங்க அப்பா சொல்லுத மாதிரி போலீஸ் பரீட்சை எழுதிரு பிள்ளே.”

செல்வி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அவனைச் சோதித்துப் பார்த்தாள். நிறத்தை மாற்றினால் என்ன என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

பாண்டிராஜ் கீபோர்டில் இருந்து கையை எடுத்தான். “மாத்தலாமே” என்றான். உடனே சொன்னான். அந்த வேகம் அவளுக்கு உறுத்தியது. பிறகு திரையைப் பார்த்தபடி சேர்த்துச் சொன்னான்: “ஆனா நீதான எடுத்த. ஒனக்கு வேணும்னா இருக்கட்டும்.”

பழியை என் பக்கம் தள்ளுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். மேலே மின்விசிறி மட்டும் ஓடியது. எத்தனையோ நாள் இதே அறையில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் பேச்சு தேவைப்படாமல் இருந்தது. இன்று வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்ற பயத்தில் இருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் பஸ்ஸில் குற்றாலத்தில் இருந்து தென்காசிக்கு வரும் வழியில் ஒரு சுற்றுச்சுவரில் பார்த்துவிட்டாள். பாதி கிழிந்த சுவரொட்டி. மேலே யாரோ கூந்தல் தைல விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் கத்திரிப்பூவும் கிளிப்பச்சையும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. நடுவில் ‘மாநாடு’ என்ற சொல்லின் பின்பாதி. பஸ் நிற்கவில்லை. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தேகப்பட்டது சரிதான் என்பதில் முதலில் ஒரு திருப்திகூட வந்தது. அதை நினைத்து அவளுக்கே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிராஜிடம் சொல்லாமல் பண்பொழிக்குப் போனாள். மலைப்படிகளைப் படம் பிடிக்க வேண்டும் என்று பர்சானாவை அழைத்தாள். அவள் ஒன்றும் கேட்காமல், தன் வாப்பா கத்தாரில் இருந்து வந்திருப்பதாகவும் வீட்டில் விருந்தாட்கள் என்றும் சொல்லிவிட்டாள். செல்வி தனியாகவே போனாள். ஒப்புக்குப் படிகளைச் சில படம் எடுத்தாள். பிறகு ஊருக்குள் இறங்கித் தெரு முனைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு தெருவின் தொடக்கத்திலும் ஒரு கொடிக்கம்பம். சிலவற்றில் கொடி புதிது, சிலவற்றில் வெயிலில் வெளுத்துக் கிழிந்திருந்தது. ஜோடி ஜோடியாக நிறங்கள். கத்திரிப்பூவும் கிளிப்பச்சையும் எங்கும் இல்லை.

அவள் இரண்டாவது முறை அதே வழியாக வந்ததை டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் கவனித்துவிட்டார். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். பாண்டிராஜ் என்றாள்.

“எத்தனையோ பாண்டிராஜ் இருக்கான். எந்தத் தெருன்னு சொல்லு.”

“தெரியாது” என்றாள் செல்வி.

“தெரு தெரியாமலா தேடிட்டு வந்த?”

தெருவைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வல்லிநாயகம் ஒரே வாக்கியத்தில் கேட்டதை அவள் ஒரு பகல் முழுக்க நடந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். முகம் சுட்டது. பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் செங்கோட்டை ரோட்டில் வெகுதூரம் நடந்துபோய் ஏறினாள்.

வீடு வந்தபோது பையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே இருந்த மைக் பெட்டியை எடுத்துத் துடைத்து ஜன்னலில் வைத்தாள். அப்பா சங்கரபாண்டி ஈசிசேரில் படுத்துப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மகள் படிக்கும் படிப்பு இன்னதென்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காவலர் தேர்வுக்கான விளம்பரம் வந்தால் மட்டும் கத்தரித்து அவள் மேஜையில் வைப்பார். இப்போது எழுந்து வந்து பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அவள் இதுவரை காணாத ஒரு மலர்ச்சி.

“பரவால்லயேட்டி. நம்ம கலர்லயே போட்டிருக்க.”

“நம்ம கலரா?”

“பின்னே?”

அவர் அவளை வாசலுக்குக் கூட்டிப்போனார். மழைக்குச் சாக்கு போட்டு மூடியிருந்த வண்டியைத் திறந்து காட்டினார். பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கத்திரிப்பூ, கிளிப்பச்சை. பழைய சங்கத்தில் இருந்து இளவட்டங்கள் பிரிந்து புதிதாக ஒன்று தொடங்கியிருப்பதாகவும், கொடியையும் மாற்றிவிட்டதாகவும், பங்குனியில் நடந்த மாநாட்டில் இதைக் கொடுத்ததாகவும் சொன்னார். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் வல்லிநாயகம்கூட அதற்கு வந்திருந்தாராம். சங்கரபாண்டி மகள் நம்ம டிவியில் வேலை பார்க்கிறாளாமே என்று அவர் இரண்டு பேரிடம் சொல்லி, அது இவர் காதுக்கு வந்துவிட்டது.

“தெனமும் இந்த வண்டியிலதான பஸ் ஸ்டாப்புக்கு வாற. பாத்ததே இல்லையாக்கும்?”

அப்பா சாக்கை மூடிவிட்டு உள்ளே போனார். அவள் அங்கேயே நின்றாள்.

ஐந்தருவியில் நடந்தது முழுவதும் திரும்பி நின்றது. பெரியவர் அவளிடம் தெருவைக் கேட்கவில்லை. இலஞ்சியும் அப்பா பேரும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. பாண்டிராஜிடம் கேட்டது, நம்ம பிள்ளையோடு சுற்றும் இவன் யார் என்று தெரிந்துகொள்வதற்காக. மங்குஸ்தானை அவள் கையில்தான் வைத்தார்.

பாண்டிராஜ் கவிழ்த்து வைத்த போன். தனியாகத் தின்ற பரோட்டா. ‘ஒனக்கு வேணும்னா இருக்கட்டும்.’ அவன் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு அவளைவிடக் காரணமும் இருந்தது.

எனக்குத் தெரியாது என்று அவனிடம் சொல்லிவிடலாம். உண்மையும் அதுதான். ஆனால் அந்த உண்மையை அவளால் முழுதாக நம்ப முடியவில்லை. பங்குனியில் இருந்து தினமும் காலையில் அந்த ஸ்டிக்கரைத் தாண்டித்தான் வண்டியில் ஏறியிருக்கிறாள். அது என்ன என்று கேட்டதில்லை. அது அங்கே இருப்பதே தெரியாது. அப்படியானால் திரையில் அத்தனை ஜோடிகள் இருக்கும்போது யோசிக்காமல் விரல் அதன்மேல் போய் நின்றது எப்படி? அழகாக இருந்தது என்பதாலா? பழகிய ஒன்று அழகாகத் தெரிந்ததா? அந்தத் திரையை மறுபடியும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அந்த ஜோடி இப்போது நடுவில் இல்லை. கீழே ஒரு மூலையில், மற்றவை அளவில்தான் இருந்தது. அதையும் நம்ப முடியவில்லை.

திங்கட்கிழமை எடிட்டிங் ரூமில் மூவரும் இருந்தபோது சொன்னாள். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“பாண்டி, அந்தக் கலரு எங்க ஆளுகளோடது. எனக்கு நேத்துதான் தெரியும்.”

சொல்லி முடித்ததும், மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தது. இனி அதை உள்ளே எடுத்து வைக்க முடியாது.

பாண்டிராஜ் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றான்.

சிப்ஸ் கடைக்காரர் அவன் ஆட்களில் ஒருவர். அன்று சாயங்காலமே அவன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, உங்கள் பையன் யாருடைய டிவிக்குக் கேமரா தூக்கிக்கொண்டு அலைகிறான் தெரியுமா என்று கேட்டுவிட்டார். புராஜெக்ட் என்று அவன் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா அந்தக் கேமராவை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று சொல்லிவிட்டாள். இதையெல்லாம் அவன் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, நீ என்ன ஆளுன்னு நான் கேட்ட மாதிரி ஆயிரும்லா.” கொஞ்சம் நிறுத்தினான். “நீ தெரியாமத்தான் எடுத்தன்னு நம்பணும்னு நெனச்சேன். ஒரு நேரம் நம்புவேன். ஒரு நேரம் முடியாது.”

இப்போது நம்புகிறானா என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன்னுடையதைச் சொன்னாள். பண்பொழிக்குப் போனதை, கொடிக்கம்பங்களை எண்ணிக்கொண்டு நடந்ததை, டீக்கடையில் மாட்டிக்கொண்டதை. அவன் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் களைத்தவன்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

பர்சானா அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கு ரெண்டு பேரு கதையும். ஏங்கிட்ட யாரும் தெருவக் கேக்கவும் இல்ல, என்னயச் சந்தேகப்படவும் இல்ல. பேரச் சொன்ன ஒடனே எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் பாட்டுக்கு மங்குஸ்தான் தின்னுட்டு இருந்திருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மூவருமே சிரித்துவிட்டார்கள்.

நிறத்தை மாற்ற உட்கார்ந்தார்கள். பாண்டிராஜ் மறுபடியும் ஜோடிகளைத் திரையில் போட்டான். சிவப்போடு மஞ்சள் வந்ததும் செல்வி வேண்டாம் என்றாள். சிவப்பும் பச்சையும் வந்தபோது அவனே எடுத்துவிட்டான். நீலம் எதனோடு சேர்ந்தாலும் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்தார். கறுப்பும் சிவப்பும் கட்சி. காவி பக்கமே போகவில்லை. பச்சையை மட்டும் தனியாக வைத்தால் கடையநல்லூர் டிவி என்று சொல்லிவிடுவார்கள் என்றாள் பர்சானா. கொஞ்ச நேரம் அது ஒரு விளையாட்டுப்போல் வேகமாக நடந்தது. எந்த ஜோடி யாருடையது என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர் முடித்தார். பிறகு வேகம் குறைந்து நின்றுபோனது. இத்தனையும் தங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கேயும் கேட்காமலே வந்து சேர்ந்திருந்தது.

பாண்டிராஜ் கடைசியில் நிறத்தை முழுதாக எடுத்துவிட்டான். எழுத்தும் கோடுகளும் கண்ணாடிபோல் நின்றன. பின்னால் என்ன படம் ஓடுகிறதோ அது அவற்றின் வழியாகத் தெரிந்தது. அருவியின் வெள்ளைமேல் லோகோ இருந்த இடமே தெரியவில்லை. மரங்கள் வந்தபோது விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

உமாராணி மிஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்ததும் யாருடையது என்று தெரிய வேண்டும் என்று தான் படித்துப் படித்துச் சொன்னதை நினைவுபடுத்தினார். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். என்ன புரிந்ததோ, சரி என்றார். ஆனால் எடுத்து வைத்திருக்கும் படத்தில் எல்லாம் பழைய மைக் பெட்டி தெரிகிறது, அதை மட்டும் மறுபடி எடுத்துவிடுங்கள் என்றார்.

அடுத்த நாள் காலை ஐந்தருவிக்குப் போனார்கள். நல்ல சாரல். புதிய பெட்டி வெறும் வெள்ளை. எழுத்துகளை அட்டையில் வெட்டி அதன்மேல் ஒட்டி, அதற்கும் வெள்ளையே அடித்திருந்தாள் செல்வி. தடவிப் பார்த்தால்தான் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும்.

வல்லிநாயகம் தூரத்திலேயே அவளைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா சௌக்கியமா என்று கேட்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேமராவுக்கு நேராக நின்றுகொண்டார். பாண்டிராஜ் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுத் தலையாட்டினான். செல்வி மைக்கை நீட்டினாள். பெரியவரின் பார்வை பெட்டிக்கு வந்து நின்றது.

“நம்ம கலரு எங்கம்மா?”

அருவிச் சத்தம் பெரிதாக இருந்தது. பர்சானா குடையைச் சாய்த்துச் செல்வியின் முகத்தைப் பார்த்தாள். மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லலாம். பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். அவர் நம்பிவிடுவார், பழமும் கொடுப்பார். அப்பாவுக்கும் ஒரு சங்கடமும் வராது.

“அது நம்ம கலரு இல்ல அண்ணாச்சி” என்றாள். “எனக்குக் கலரே வேண்டாம்.”

அவர் முகம் உடனே மாறவில்லை. கேலி செய்கிறாளோ என்று முதலில் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகப் பாண்டிராஜைப் பார்த்தார். ஏதோ புரிந்துகொண்டதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார்.

“அப்பா கிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

அவ்வளவுதான். திரும்பி, நின்றுகொண்டிருந்த வேறொரு குடும்பத்துக்குப் பழம் நிறுக்கப் போய்விட்டார். செல்வி நீட்டிய மைக்கோடு அப்படியே நின்றாள். அதற்கு எதிரே யாரும் இல்லை. சிவப்பாக ரம்புட்டான் குவியல் மட்டும் இருந்தது. கை வலித்தது. இறக்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் சிப்ஸ் கடைக்காரர் தார்ப்பாயைத் தூக்கிச் சுருட்டிக் கட்டினார். “இங்கன வாங்க, நான் பேசுதேன்” என்று பாண்டிராஜைப் பார்த்து உற்சாகமாகச் சொன்னார். அவன் வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டான்.

மதியத்துக்கு மேல் எடிட்டிங் ரூமில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பேட்டி எதுவும் இல்லை. பெரியவர் கேட்பது இருக்கிறது, அவள் சொல்வது இருக்கிறது, அவர் போவது இருக்கிறது. அதற்கப்புறமும் படம் ஓடிக்கொண்டே இருந்தது. மைக்கை நீட்டியபடி ஒரு பெண், எதிரே பழங்கள், பின்னால் தண்ணீர் விழும் சத்தம். பாண்டிராஜ் கேமராவை நிறுத்தவே இல்லை.

“அவருதான் போயிட்டாருல்லா. ஏன் நிறுத்தல?” என்று கேட்டாள் செல்வி.

அவன் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினான். அவள் காத்திருந்தாள்.

“நீ என்ன சொல்லுதன்னு பாக்கத்தான் ஓட விட்டேன்” என்றான் கடைசியில். “முன்னாலயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். அவரு கேப்பாருன்னு தெரியும்.”

பர்சானா அவனைத் திட்ட வாயெடுத்து, செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். செல்விக்கு வலித்தது. அவன் அவளைச் சோதிப்பதற்காகவே ஒரு காலை முழுக்கக் கேமராவைத் தூக்கி நின்றிருக்கிறான். ஆனால் அதைச் சொல்லியும்விட்டான். சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது.

“நானா இருந்தாலும் ஓட விட்டிருப்பேன்” என்றாள்.

அவன் அந்தத் துண்டை வெட்டாமல் முழுதாக டைம்லைனில் இழுத்துப் போட்டான். லோகோவை எடுத்து வலது மூலையில் வைத்தான். அருவி இருந்த பக்கம் அது தெரியவில்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினான். ரம்புட்டான் குவியலின் மேல் வந்ததும் இரண்டு கோடுகளும் சிவப்பாகத் தெரிந்தன, இரண்டும் ஒரே சிவப்பாக.

“இங்கனயே இருக்கட்டுமா?” என்று கேட்டான்.

செல்வி திரையைப் பார்த்தாள். இந்த முறை விரலை வைக்கவில்லை. அந்தச் சிவப்பு தனக்கு ஏன் பிடிக்கிறது என்று வெகுநேரம் யோசித்தாள். பாண்டிராஜ் மவுஸில் இருந்து கையை எடுக்காமல் காத்திருந்தான்.